கன்னம் மண்ணில் பட்டதா

மெல்பனுக்கு வந்த பிறகு நான் சிட்னிக்குப் போனது ஒரே ஒரு முறை. அங்கே பார்க்க வேண்டியவை என்று எல்லோரும் சொல்லும் எதையும் பார்க்கவில்லை. பெரிய பாலத்தை மட்டும் வண்டிக்குள் இருந்தபடி கொஞ்ச நேரம் பார்த்தேன். அதுவும் வழி தவறிப் போனதால்.

நான் பத்தாம் வகுப்போடு அருப்புக்கோட்டையை விட்டவன். மலேசியாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவி, துபாயில் பெயிண்ட் அடித்து, கடைசியில் சமையல்காரன் விசாவில் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தேன். அந்த ஓட்டலும் மூடிப்போனது. இப்போது மெல்பன் ஓரத்தில் ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அதே வேர்ஹவுஸில் சரக்கு அடுக்குபவர் காசிம் நானா. இலங்கையில் கல்முனைப் பக்கத்து முஸ்லிம். அகதியாக வந்து இந்த நாட்டுக் குடிமகனாக ஆனவர். நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். அவர் வீட்டுப் பின்னறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய மனைவியை ராத்தா என்று கூப்பிடுவேன். அதற்கு அக்கா என்று பொருள்.

அன்று காலை வேலையில் இருக்கும்போது நானாவுக்குப் போன் வந்தது. சிட்னியில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்த அவர் தம்பி ரவூப், மாவு பிசையும் மேசையருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துவிட்டார். சொன்னவன் ரவூபோடு அறையில் தங்கியிருந்த ஹாஜா, கீழக்கரைப் பையன், படிக்க வந்தவன். மறுநாள் மத்தியானத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான். அவர்கள் முறையில் தாமதிக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். இங்கே யார் வந்தாலும் வராவிட்டாலும் மண் நேரத்துக்கு மூடிவிடும்.

விமான நிலையத்துக்குப் போனோம். சிட்னியில் பலத்த காற்று, விமானங்கள் ரத்து என்று பலகையில் வரிசையாகச் சிவப்பு எழுத்து ஓடியது. நானா அந்தப் பலகையின் முன் நின்றுகொண்டே இருந்தார். அப்போது ஊரிலிருந்து அவருடைய சாச்சி, அதாவது சின்னம்மா, பேசினார். உம்மா, அதாவது நானாவின் அம்மா, மயங்கி மயங்கி விழுகிறாராம். கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே ஒரு சொல்தானாம். நானா போனை வைத்துவிட்டு அதை என்னிடம் சொன்னார்.

“நான் குழிக்குள்ள எறங்கணுமாம், செல்வம். அவன்ட கன்னத்த மண்ணுல நான்தான் வைக்கணுமாம். வேற ஆரும் தொடப்படாதாம்.”

அவர்கள் ஊர் வழக்கத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நெருங்கிய ஆண் உறவு குழிக்குள் இறங்கி உடலை வாங்கும். வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலைமாட்டுக் கட்டை அவிழ்த்து, துணியை விலக்கி, கன்னம் வெறும் மண்ணில் படும்படி வைக்கும். பிறகுதான் பலகை, அதன் மேல் மண். ரவூபுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே ரத்த உறவு காசிம் நானா.

என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. வாங்க நானா, போயிடலாம் என்றேன்.

ராத்தா இடியப்பத்தையும் தேங்காய்ச் சம்பலையும் ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தார். ஊரைத் தாண்டியதும் நிலம் தட்டையாக விரிந்தது. மஞ்சள் புல், கம்பி வேலி, எங்கோ தலை குனிந்து மேயும் மாடுகள். மனிதனே கண்ணில் படவில்லை. எங்கள் பக்கம் இவ்வளவு தூரம் போவதற்குள் பத்து டீக்கடையில் இறங்கியிருப்போம், யார் வீட்டுச் சாவுக்குப் போகிறீர்கள் என்று இருபது பேர் கேட்டிருப்பார்கள். இங்கே பெட்ரோல் போட்ட இடத்தில் கல்லாவில் இருந்த பெண், இன்று நாள் எப்படிப் போகிறது என்று கேட்டாள். நானா நன்றாகப் போகிறது என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு வேனுக்கு வந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேச்சைத் தொடங்கினார். ரவூப் சின்ன வயதில் நீச்சல் தெரியாமலே ஊர்க் களப்பு நீரில் குதித்தவனாம். இந்த நாட்டுக்கு அவனை வரவழைக்க நானா அலையாத அலுவலகம் இல்லையாம். வந்ததும் மெல்பன் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சிட்னிக்குப் போய்விட்டானாம். “என்னோட இரிந்திருந்தா ரெண்டு பிட்டு கூடத் திண்டிருப்பான்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கட ஊர்க்காரன் ஹோர்ன் அடிக்காம வண்டி ஓடுறத இப்பத்தான் பாக்கிறன்,” என்றார். யாருக்கு அடிக்க நானா, ஆளே இல்லையே என்றேன். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அப்போதுதான்.

வெயில் சாய்ந்த நேரத்தில் அது நடந்தது. புல்லுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று எழும்பி சாலையில் குதித்தது. பிரேக் போடுவதற்குள் வேன் குலுங்கியது. இறங்கிப் பார்த்தால் கங்காரு ஓரமாகக் கிடந்தது. அசைவில்லை. வேனின் இடப்பக்க விளக்கு உடைந்து, பானட் மடங்கி வாய் பிளந்திருந்தது.

பின்னால் வந்த ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கிய வயதான வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் கங்காருவிடம் போய் மண்டியிட்டு அதன் வயிற்றுப் பையில் கையை விட்டுத் தேடினார். குட்டி இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வாலைப் பிடித்துத் தூரமாக இழுத்துப் போட்டார். கழுகுகள் இதைத் தின்ன வரும், அவை அடிபடக் கூடாது என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். அதன் பிறகுதான், உங்களுக்கு அடி ஏதும் உண்டா என்று கேட்டார்.

நானா தன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். தம்பி, சிட்னி, நாளை மதியம். அந்தப் பெண் வேனைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஒற்றை விளக்கோடு இருட்டில் போனால் உங்கள் தம்பி பக்கத்திலேயே உங்களுக்கும் இடம் பார்க்க வேண்டியிருக்கும்,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

தன் வண்டியிலிருந்து வெள்ளி நிற டேப் எடுத்து, பானட்டைக் காலால் மிதித்து மூடி, நான்கு சுற்றுச் சுற்றினார். பக்கத்து ஊரில் தங்கும் விடுதியைக் காட்டியவரும் அவர்தான். கிளம்புமுன் ஒரு காகிதப் பையில் அவித்த முட்டைகளைக் கொடுத்து, உங்கள் ஆட்கள் இறைச்சி பார்த்துத்தான் சாப்பிடுவார்கள் என்று தெரியும், முட்டைக்குத் தடை இருக்காதே என்றார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. நானா அதைப் பிறகு பலமுறை சொல்லி வருத்தப்பட்டார்.

கிழக்கு வெளுத்ததும் புறப்பட்டோம். நேரம் போதும் என்றுதான் நினைத்தோம். சிட்னிக்குள் நுழையும்வரை போதுமாகத்தான் இருந்தது.

மெல்பனில் ஓட்டிய கையை வைத்துக்கொண்டு சிட்னியில் ஓட்டக் கூடாது. அங்கே சாலைகள் திடீரென்று பூமிக்குள் போய்விடுகின்றன. போனில் வழி சொல்லும் குரல் சுரங்கத்துக்குள் ஊமையாகிவிட்டது. உள்ளே இன்னொரு சுரங்கம் பிரிந்தது, அதற்குள் இன்னொன்று. நான் ஏதோ ஒரு வாயில் நுழைந்தேன். பின்னால் லாரி, பக்கத்தில் லாரி, நிறுத்த இடமில்லை. கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தபோது எதிரே கடல் நீரும், அதன் மேல் இரும்பில் வளைத்த அந்தப் பாலமும் நின்றன. உலகமெங்கும் காலண்டரில் தொங்கும் பாலம்.

“இதுவா அது?” என்று நானா கேட்டார்.

“ஆமா நானா.”

“நாம போகவேண்டியது இந்தப் பக்கமா?”

இல்லை என்றேன். நாங்கள் போகவேண்டியது நேர் எதிர்ப்பக்கம். அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தார். நான் திரும்பிப் போக வழி காட்டும் பலகையைத் தேடினேன்.

ஹாஜாவுக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. தொழுகையில் இருப்பான், பிறகு அடக்கத்தில் இருப்பான், போனை ஊமையாக்கி வைத்திருப்பான். முன்னாலேயே அனுப்பியிருந்த மயான முகவரியை நம்பி நேராக அங்கே போனோம்.

அந்த மயானம் ஒரு ஊரளவு இருந்தது. உள்ளே தெருக்கள், திருப்பங்கள், பெயர்ப்பலகைகள். சீனர்களுக்கு ஒரு பக்கம், கிறிஸ்தவர்களுக்குப் பல பக்கங்கள். முஸ்லிம் பகுதியைக் கண்டுபிடித்து இறங்கியபோது தூரத்தில் ஒரு புதுக்குழியைச் சுற்றிக் கொஞ்சம் பேர் நிற்பது தெரிந்தது. ஏழெட்டுப் பேர் இருக்கும். ஒரு மண்வாரி இயந்திரம் ஒதுங்கி நின்றது. பெட்டியைக் குழியருகே இறக்கி வைத்திருந்தார்கள்.

“பத்துப் பேர் கூட இல்லையே என்ட தம்பிக்கு,” என்றார் நானா. சொல்லிக்கொண்டே ஓடினார். இடுப்பில் கட்டிய சாரம் காலில் தடுக்க, தொப்பி விழ, சத்தமாக அழுதுகொண்டு ஓடினார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அழுதுகொண்டு ஓடி வருகிறவனிடம் யாரும் யார் நீ என்று கேட்பதில்லை. அங்கிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். வெள்ளைத் தாடி வைத்த இமாம் அவர் தோளைத் தொட்டு, இறங்குகிறீர்களா என்று சைகையில் கேட்டார். நானா செருப்பை உதறிவிட்டு இறங்கினார். ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு மெலிந்த கிழவர் கால்பக்கத்துக்கு ஒதுங்கிக்கொண்டார். ஹாஜாவை நான் தேடினேன். நான் அவனைப் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் தெரியும். அங்கே நின்றவர்களில் இளம் வயதுக்காரர் யாரும் இல்லை. அது அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளைத் துணி சுற்றிய உடலை மேலிருந்து பட்டையில் இறக்கினார்கள். நானா இரண்டு கையாலும் வாங்கினார். வாயில் ஓதிக்கொண்டே வலப்பக்கமாகச் சாய்த்தார். தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தார். முகத்துத் துணியை விலக்கினார்.

அத்தோடு அவருடைய ஓதல் நின்றது. அழுகையும் நின்றது. குழிக்குள் அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. கடைசியாகத் தம்பி முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்து நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். தலை தூக்கி ஒருமுறை மேலே நின்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு குனிந்தார். தரையில் கொஞ்சம் மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கி, கல் ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவி, அந்தக் கன்னத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். நின்றுபோன ஓதலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பலகைகளை ஒவ்வொன்றாக வாங்கி அவரே அடுக்கினார்.

மேலே வந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். இமாம் என்னையும் பார்த்தார். எங்கள் வழக்கத்தில் வாய்க்கரிசி போட்டிருக்கிறேன். அதே கையால் மண் போட்டேன்.

கூட்டம் கலையத் தொடங்கியதும் நானா என் முழங்கையைப் பிடித்தார்.

“அது ரவூப் இல்ல, செல்வம்.”

எனக்குப் புரியவில்லை. எது, என்றேன்.

“அந்த மையித்து. வேற ஆரோ.”

குழியில் வைத்த உடல் வேறு ஒருவருடையது என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். கையில் வாங்கும்போதே எடை குறைவாகத்தான் இருந்ததாம். செத்துப்போனால் மனிதன் குறைந்துவிடுவானாக்கும் என்று நினைத்தாராம். துணியை விலக்கினால் நரைத்த தாடி, யாரோ ஒரு வயதானவர்.

“அப்பவே சொல்லிட்டு ஏறி வந்திருக்கலாமே நானா. ரவூப் பக்கத்துல எங்கயாவது தான் இருந்திருப்பாரு. ஓடிப் போயிருக்கலாம்.”

அவர் குழியைத் திரும்பிப் பார்த்தார். இயந்திரம் மண்ணைத் தள்ளத் தொடங்கியிருந்தது.

“மேல நிண்டவங்கள்ல ஒருத்தரும் அழல்ல. அவருக்கு ஆள் இல்ல எண்டு தெரிஞ்சிச்சு. ஒரு மனிசன்ட மொகத்தத் தொறந்து வச்சிட்டு, நீ இல்ல எண்டு சொல்லிட்டு ஏறி வரலாமா?”

இமாமிடம் போய் இறந்தவரைப் பற்றிக் கேட்டார். பர்மாவிலிருந்து வந்தவர், பெயர் யூசுப், ஒரு வீட்டில் தனியறையில் இருந்தார், நிற்பவர்கள் அந்த வீட்டுக்காரரும் பள்ளிவாசலில் பழகியவர்களும் என்று இமாம் சொன்னார். நீங்கள் அவருடைய உறவா என்றும் அப்போதுதான் கேட்டார். நானா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே விளங்கவில்லை.

போன் அடித்தது. ஹாஜா. நானா எங்க இருக்கீங்க, எல்லாம் முடிஞ்சிடுச்சே என்றான். மேட்டுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குப் பின்னால் புதிதாகத் திறந்த பகுதியில் இருந்தான். நடந்தே போய்விடும் தூரம்தான்.

போனோம். மண் மூடி, மேடு கட்டி, தலைமாட்டில் குச்சி நட்டிருந்தது. சேறு ஒட்டிய ஷூவோடு ஹாஜா நின்றான். அவன் கண் சிவந்திருந்தது. நானா மேட்டின் பக்கத்தில் குந்தினார். மூன்று பிடி மண் அள்ளி மேலே வைத்தார். கையை எடுக்காமல் அப்படியே ஊன்றிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

“ஆரு எறக்கின?” என்றார்.

தனக்கு அந்த முறையெல்லாம் தெரியாது, பயமாகவும் இருந்தது என்றான் ஹாஜா. சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டார்களாம். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்தும் பார்த்தார்களாம். பிறகு, தொழுகைக்கு வந்து அப்படியே கூட வந்த ஒரு டாக்சி டிரைவர் தானாகவே இறங்கினாராம். வங்காளிபோல இருந்தாராம். முடிந்ததும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பெயர் கேட்கவில்லை.

“கன்னத்துத் துணிய வெலக்கினாரா?”

“கவனிக்கல நானா. கூட்டம் மறைச்சிருச்சு.”

எல்லா ஊரிலும் ஒரே முறை கிடையாது என்று நானா எனக்குப் பிறகு சொன்னார். சில ஊர்களில் துணியோடுதான் வைப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உம்மா கேட்பா என்றார்.

அன்று ரவூபின் அறையில் தங்கினோம். ஹாஜா கஞ்சி காய்ச்சினான். ரவூபின் சாமான்கள் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. அலமாரியில் ரொட்டிக்கடையிலிருந்து அவர் கொண்டுவந்த பன் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் இருந்தது. நானா அதைப் பிரித்து மூன்று பேருக்கும் கொடுத்தார். கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. கஞ்சியில் தோய்த்துத் தின்றோம். நல்லாச் செய்யிறான் என்றார் நானா, இன்னும் இருப்பவனைப் பற்றிச் சொல்வதுபோல.

மறுநாள் விடிந்ததும் திரும்பினோம். கங்காரு அடிபட்ட இடத்தைத் தாண்டும்போது நான் வேகத்தைக் குறைத்தேன். புல் மேட்டில் கழுகுகள் இரண்டு உட்கார்ந்திருந்தன. சாலையில் எதுவும் இல்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போன் வந்தது. நானாவின் போன் வேனின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. எடுத்ததும் ஒரு கிழட்டுக் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. உம்மா. சாச்சி இல்லாமல், மயக்கம் இல்லாமல், அவரே பேசினார். நான் ஓரமாக நிறுத்தி இறங்கப் பார்த்தேன். நானா வேண்டாம், ஓட்டு என்று கையைக் காட்டினார்.

வழியில் சாப்பிட்டாயா என்றுதான் உம்மா முதலில் கேட்டார். மழையா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

“மகன், நீதானே எறக்கின?”

நானா தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

“ஓம் உம்மா. எறக்கினன்.”

“கன்னம் மண்ணுல பட்டுச்சா?”

“பட்டது உம்மா. கல்லு கில்லு இரிக்கா எண்டு தடவிப் பாத்திட்டு, நான்தான் வச்சன்.”

அந்தப் பக்கம் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் கேட்டது. பிறகு, அது போதும் மகன், மெதுவா வண்டி ஓடச் சொல்லு அந்தப் பிள்ளைய என்றார். என்னைத்தான் சொன்னார். லைன் நின்றது.

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சள் புல்லும் கம்பி வேலியும் மறுபடி வந்தன. வெகுதூரம் போன பிறகு நானா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

“பர்மாவில அந்த யூசுப்புக்கும் ஒரு உம்மா இரிந்தா, அவவுக்கு ஆரு செல்வம் சொல்ற?”

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்க விளக்கு இன்னும் இல்லை. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.